கடைக்கு யார் போவார்கள்?

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வழியாக அண்ணன் வீட்டு அடுப்படியை விட்டு நீ வெளியே கிளம்பப் போகிறாய் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் வெளிநாட்டு வேலைக்கு நீ பெயர் கொடுத்திருக்கும் நிறுவனத்தைக் கவனித்தேன். அது நான் வேலை பார்க்கும் இடம். நம் ஊரிலும் ஒரு கிளை திறந்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று உனக்கு விவரமாக எழுதியதில்லை. எழுத வெட்கமாக இருந்தது. நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், ஆங்கில ஆசிரியை என்று நீ தையல்கடையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாய். உண்மையில் இது டயர் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே காற்று அடிக்கும் சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். வெளிநாட்டு வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். பலர் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச இன்னும் கூச்சம் போகவில்லை. பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

பாடம் ஒன்றே ஒன்றுதான், மளிகைச் சாமான். 'டூ லிட்டர்ஸ் ஆஃப் மில்க்', 'எ டஜன் எக்ஸ்', 'எ லோஃப் ஆஃப் பிரெட்', 'எ பேக்கெட் ஆஃப் சால்ட்'. எண்ணக்கூடிய வெங்காயத்துக்கு 'எ ஃபியூ', எண்ண முடியாத சர்க்கரைக்கு 'எ லிட்டில்'. நமக்கு எல்லாமே கொஞ்சம்தான். கொஞ்சம் வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் தள்ளி உட்கார். இதை ஏன் இவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண்மணி கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

அதெல்லாம் சரி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தப் பாடம் 'ஹவ் மச்', 'ஹவ் மெனி' என்ற கேள்விகளோடுதான் வரும். எவ்வளவு, எத்தனை. இங்கே கொடுத்திருக்கும் தாள்களில் அவை இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, போன வாரம் நானாகவே பலகையில் எழுதினேன். மேலாளர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து டஸ்டரை எடுத்துத் தன் கையாலேயே அழித்தார். கோபப்படவில்லை. "கேள்வி எல்லாம் வேண்டாம்மா. அவங்க பதில் சொன்னா போதும்," என்றார்.

தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை ஓடியது. கடையில் நிற்பவள் எவ்வளவு என்று கேட்காமல் எப்படிச் சாமான் வாங்குவாள்?

உன்னை யார் சேர்த்தார்கள்? என்ன சொல்லிச் சேர்த்தார்கள்? பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாயா? உடனே எழுது.

உன் தங்கை

*

பிப்ரவரி 14

சின்னவளுக்கு,

உன் கேள்விகளைப் படித்தால் தங்கை எழுதிய மாதிரி இல்லை, காவல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கிறது. இருந்தாலும் பதில் சொல்கிறேன்.

என்னைச் சேர்த்தது ஒரு அம்மா. பெரிய கைப்பை ஒன்றை எந்நேரமும் மடியிலேயே வைத்திருப்பார். நானும் தையல்காரம்மாவும் அவரைக் கைப்பையம்மா என்றுதான் சொல்வோம். எடுத்த எடுப்பில் நான் நம்பிவிடவில்லை. நீ நினைக்கிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை. "உங்க தங்கச்சியே எங்க ஆபீஸ்லதானே பாடம் எடுக்குது? படிச்ச பொண்ணு, கண்ட இடத்துலயா வேலை பாக்கும்?" என்றார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். உன்னை நம்பிப் போட்டேன். இப்போது நீயே டஸ்டர், கதவருகே நின்ற மேலாளர் என்று மர்மக்கதை எழுதுகிறாய்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உனக்குச் சம்பளம் கொடுக்கும் வரைக்கும் அது நல்ல இடம். நான் போகப் பெயர் கொடுத்ததும் கெட்ட இடமாகிவிட்டதா? அக்கா வீட்டு வேலைக்குப் போனாள் என்றால் ஆசிரியைக்குக் கௌரவக் குறைச்சலா? இல்லை, நான் போய்விட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அண்ணி உன்னைக் கூப்பிட்டுவிடுவாள் என்ற பயமா? மனசில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் எழுது.

எனக்கு அங்கே தனி அறை தருகிறார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கே படுக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகுதான் ஹாலில் என் பாயை விரிக்க முடியும். ஒரு கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், கால் நீட்டிப் படுக்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. இது உனக்குப் பெரிதாகத் தெரிந்தால் சொல்.

கைப்பையம்மா கொடுத்த தாளில் இருக்கும் பாடம் நன்றாகவே வருகிறது. பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். 'எ கிலோ ஆஃப் ரைஸ், எ பாட்டில் ஆஃப் ஆயில், எ ஃபியூ டொமேட்டோஸ்'. அண்ணிக்குச் சந்தேகம். "யார்கிட்ட பேசிட்டு இருக்கே?" என்று எட்டிப் பார்த்தாள். சாமான்களிடம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்துகொண்டிருந்தாள்.

பாஸ்போர்ட் இன்னும் என் துணிப்பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் நான் வேலைக்குப் போகும் வீட்டு அம்மாளோடு போனில் பேச வைப்பார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அண்ணனுக்கு இதொன்றும் தெரியாது. கிளம்புகிற வாரம் நானே சொல்லிக்கொள்கிறேன். கடிதத்தை வழக்கம்போலத் தையல்கடை விலாசத்துக்கே அனுப்பு. வீட்டுக்கு வந்தால் பிரிக்காமல் என் கைக்கு வராது.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: எனக்குப் பயமாக இருக்கிறது. கௌரவம் இல்லை, அண்ணி இல்லை. இதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை.

என் பெயரைச் சொல்லித்தான் உன்னைச் சேர்த்தார்கள் என்று படித்ததும் நேராக மேலாளரிடம் கேட்டுவிட வேண்டும் என்று போனேன். அவர் அறைக் கதவு வரை போனேன். உள்ளே போனில் யாரிடமோ, "நம்ம டீச்சரே உங்க பக்கத்துப் பொண்ணுதாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை ஊர்க்காரர்களிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாரோ. கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியுமே.

ஆனால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் மேசையைக் கடையாக்கினோம். ஒருவர் கடைக்காரர், மற்றவர்கள் வாங்க வருபவர்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள். கடைக்காரராக நின்றவர் நன்றாகப் பருமனானவர், நல்ல வாய். "முட்டைய அழுத்திப் பாக்காதீங்க, இது என்ன தக்காளியா?" என்று தமிழிலேயே அதட்டினார். மேலாளர் வந்தார். மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். கடையெல்லாம் வேண்டாம், போனில் பேசுகிற மாதிரி பழக்கினால் போதும் என்றார். இப்போது இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு உட்காருகிறோம். ஒருத்தி வெளியே இருக்கும் எஜமானி. என்ன தீர்ந்துவிட்டது என்று கேட்பாள். இன்னொருத்தி வீட்டில் இருப்பவள். 'டூ லிட்டர்ஸ் ஆஃப் மில்க், எ டஜன் எக்ஸ்' என்று பதில் சொல்வாள். சாமான் வாசலுக்கு வரும். பாடம் அவ்வளவுதான். இதில் கடை இல்லை, தெரு இல்லை, வழி கேட்பது இல்லை.

நேற்று ஒரு பெண் வந்தார். முன்பு இங்கிருந்து போனவராம். தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்து, மேலாளருக்காகக் காத்திருந்தார். வகுப்பில் நான் ஒரு வரி சொன்னதும் வாசலில் உட்கார்ந்தபடியே மீதி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். பழக்கதோஷம் என்று சிரித்தார். இடைவேளையில் தண்ணீர் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வீட்டைப் பற்றிச் சொன்னார். அடுப்படியில் எந்த இழுப்பறை சிக்கும், எந்த ஜன்னலில் காலையில் வெயில் விழும் என்றெல்லாம் சொன்னார். ஊர், என்று மறுபடியும் கேட்டேன்.

"வீடு வெளியிலேர்ந்து என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாதும்மா," என்றார். "போய் இறங்கினப்போ இருட்டு. கிளம்பினப்போவும் இருட்டு."

நடுவில் இரண்டு வருடம். அடித்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, உரக்கத் திட்டினதுகூட இல்லை, கதவு மட்டும் திறக்காது என்றார். அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். என்னை உள்ளே போகச் சொன்னார்.

அக்கா, உனக்குத் தருவதாகச் சொன்ன அறையின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாயா?

பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்துவிடாதே. நான் சொன்னால் உனக்குச் சந்தேகம்தான் வருகிறது. வேறு யாராவது சொன்னால் கேட்பாயோ என்னவோ.

உன் தங்கை

*

மார்ச் 1

ஆங்கில ஆசிரியை அவர்களுக்கு,

அண்ணன் நேற்று என் துணிப்பெட்டியைத் திறந்தார். என்னைக் கேட்டுவிட்டுத் திறக்கவில்லை. என் உள்பாவாடைகளை எல்லாம் அண்ணி கண் முன்னாலேயே எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அடியில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்தார். பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

"படிச்ச புள்ள எழுதியிருக்கா, அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார்.

அது என் பெட்டியில்தான் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன்.

அங்கே போனால் கதவைப் பூட்டி வைப்பார்கள் என்று பயந்தாயே. இங்கேயே பூட்டியாகிவிட்டது. நிம்மதியாக இரு. அண்ணி நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் சிரித்துப் பேசுகிறாள். அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே. தையல்காரம்மாவிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

தையல்காரம்மா இதை வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வாங்காவிட்டால் எனக்கே திரும்பி வரட்டும்.

அண்ணனுக்கு எழுதியது நான்தான். உன்னிடம் நல்லவிதமாகப் பேசி நிறுத்துவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறப்பார் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் நானும்தானே வளர்ந்தேன். பாஸ்போர்ட்டை உன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி அவருக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வராது என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட கடிதத்தை அவர் அண்ணியிடம்கூடக் காட்ட மாட்டார்.

உன் கடிதம் வந்த மறுநாள் வகுப்புக்குப் போனேன். பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. திரும்பி நின்றேன். கதவைச் சாத்திவிட்டு, 'ஹவ் மச்', 'ஹவ் மெனி' இரண்டையும் பெரிதாக எழுதி, என்ன கேட்கத் தோன்றுகிறதோ கேளுங்கள் என்றேன். எல்லோரும் முட்டையில்தான் ஆரம்பித்தார்கள். எத்தனை முட்டை, எவ்வளவு பால். பிறகு மூலையில் எப்போதும் தலை குனிந்தே இருக்கும் ஒரு பெண், "ஹவ் மெனி பீப்பிள் இன் ஹவுஸ்?" என்றாள். அப்புறம் யாரையும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. 'ஹவ் மெனி ஹாலிடே', 'ஹவ் மச் ஸ்லீப்'. தப்பும் தவறுமாகத்தான் கேட்டார்கள். நான் ஒன்றையும் திருத்தவில்லை.

சத்தம் கேட்டு மேலாளர் வந்ததும் அவரிடமே கேட்டார்கள். அவர் சிரித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, இதையெல்லாம் அங்கே போன பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

"அங்க போனப்புறம் யார்கிட்ட சார் கேக்கறது?" என்று கடைக்காரராக நின்ற அந்தப் பெண்மணி கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் தெருமுனையில் நின்று பார்த்தேன். அநேகமாக எல்லோருமே மாடிப்படி ஏறினார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் ஏதோ ஒரு ஹால், ஏதோ ஒரு பாய் இருக்கும். மூலையில் உட்காரும் அந்தப் பெண் மட்டும் வரவில்லை. அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, போகாதே என்று இனி நான் எழுத மாட்டேன். பாஸ்போர்ட் உன்னுடையது. அண்ணனிடமிருந்து எப்படியாவது வாங்கு. அந்த அம்மாளோடு பேசு. அவர் கேட்கும் பால், முட்டை எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, கடைக்கு யார் போவார்கள் என்று மட்டும் கேள். 'ஹூ வில் கோ டு த ஷாப்?' அவ்வளவுதான். பதிலைக் கேட்ட பிறகும் உனக்குப் போகத் தோன்றினால், நானே வந்து உன்னை விமானம் ஏற்றிவிடுகிறேன்.

உன் தங்கை

*

மார்ச் 18

சின்னவளுக்கு,

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உன் கடிதம் வந்த விஷயம் அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வாரம் வாங்காமல் இருந்தேன்.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. எப்படி என்று நினைத்து நீ மண்டையை உடைத்துக்கொள்வாய், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனும் அண்ணியும் உள்ளே பேசுவது காதில் விழுந்தது. இவள் கிளம்பிவிட்டால் வீட்டு வேலைக்கு யார் என்று அண்ணி புலம்பிக்கொண்டிருந்தாள். அண்ணன், "பூட்டிட்டேன்ல? எங்க போயிடுவா?" என்றார்.

நீ எழுதியதைப் படித்த அண்ணன் என் மேல் இருக்கும் அக்கறையில்தான் பூட்டினார் என்று பாதி நம்பியிருந்தேன். அந்தப் பாதியும் போயிற்று.

மறுநாள் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஹாலில் அண்ணன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து டிவி போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அண்ணன் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். என்னைத் திட்டினார்கள், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள், மறுபடியும் திட்டினார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மறுநாளும் அப்படியே. அன்று மாலை அண்ணியே சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை என் மடியில் எறிந்தாள். "எங்கயாவது போய்த் தொலை," என்றாள். அவள் எனக்குச் செய்த ஒரே உதவி இதுதான்.

நேற்று கைப்பையம்மா அலுவலகத்தில் போன் பேச்சு. வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அம்மாளுக்குக் குரல் இதமாகவே இருந்தது. நீ நினைத்துவைத்திருந்த மாதிரி அரக்கி இல்லை. என்னவெல்லாம் தீர்ந்திருக்கும் என்று கேட்டார். பால், முட்டை, ரொட்டி, உப்பு, வெங்காயம், எண்ணெய், எல்லாவற்றையும் அளவு தவறாமல் சொன்னேன். நன்றாகப் பேசுகிறாய் என்றார். கைப்பையம்மா அப்போதே பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டிவிட்டார்.

கடைக்கு யார் போவார்கள் என்று கேட்டேன். நீ எழுதியபடி வரவில்லை, ஏதோ வந்தது. அந்த அம்மாள் சிரித்தார். யாரும் போக வேண்டியதில்லை, எல்லாம் வாசலுக்கு வந்துவிடும் என்றார். நீ எழுதிக் கொடுக்காத ஒன்றையும் கேட்டேன். "மீ அவுட்சைட், ஹவ் மெனி டேஸ்?" அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக நிறையச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. கைப்பையம்மாதான் புரியவைத்தார்.

"செருப்பெல்லாம் எடுத்துட்டு வராத, பெட்டில இடம் அடைக்கும்னு சொல்றாங்க. உனக்கு அங்க செருப்பே தேவைப்படாதாம். பாரு, எவ்ளோ யோசிச்சு சொல்றாங்க," என்றார்.

உண்மையாகவே நல்ல மனசோடுதான் சொன்னார்கள், இரண்டு பேரும். அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. திட்டியிருந்தால்கூட உட்கார்ந்திருப்பேன்.

பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வெளியே எனக்கு அடுத்ததாக ஒரு சின்னப் பெண். கடைக்கு யார் போவார்கள் என்று கேள் என்று அவள் காதோரம் சொன்னேன். தன் இடத்தைப் பறிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். நான் உன் முதல் கடிதத்தைப் படித்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த வீடு நல்ல வீடாகவே இருந்திருக்கலாம். அதை நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அதற்காக உன்னைச் சாகும்வரை திட்டுவேன். என் பெட்டியை அண்ணன் திறந்ததற்குத் தனியாகத் திட்டுவேன். இனிமேல் என்னைப் பற்றி எதுவானாலும் என்னிடமே கேள். வேறு யாருக்கும் எழுதாதே.

வியாழக்கிழமை அங்கே வருகிறேன். இந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை. உன் தெருவில் வேலைக்கு ஆள் எடுக்கும் தையல்கடை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து வை. உன் அறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, வசதியாக இருக்கலாம் என்றெல்லாம் பதில் போடாதே. நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். இப்போதெல்லாம் யார் என்ன சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் நான் நம்புவதில்லை. அதில் நீயும் அடக்கம்.

அக்கா